பாவும் ஊடையும் உள்ள கார்

எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் சென்னையில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் தன் காருக்குக் கார்பன் ஃபைபர் பானட் ஒன்று வாங்கி வந்து, லாக் மாட்டத் துளை போடச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். மேஸ்திரி இரும்புத் தகட்டுக்குச் செய்வதுபோல் சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. மேலே சின்னப் புள்ளிதான். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு அடுக்கு விட்டுப் போயிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது தகடு அல்ல, துணி என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஆமாம், துணிதான். லுங்கி நெய்யும் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. கரியாக்கிய இழையைப் பாவும் ஊடையுமாக நெய்து, அடுக்கடுக்காக எப்பாக்சி பிசின் ஊட்டிச் சூட்டில் இறுக வைத்தது. 1879-இல் எடிசன் விளக்கு எரித்ததே பருத்தி நூலைக் கரியாக்கித்தான். ஆனால் பலமுள்ள இழை வர 1960கள் ஆயிற்று. ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தாரும் அக்ரிலிக் இழையிலிருந்து அதை எடுத்தார்கள். நாம் ஸ்வெட்டர் போடுகிறோமே, அந்த இனம்.

பந்தயக் காருக்கு வந்தது 1981-இல். மெக்லாரன் காரின் உடற்கூட்டை ஜான் பர்னார்ட் கார்பனில் வடிவமைக்க, அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. மோதினால் தூளாகிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அந்த செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் ஜான் வாட்சன் மோதினார். என்ஜின் பிய்த்துக்கொண்டு தனியே போயிற்று. அவர் இறங்கி நடந்து வந்தார். 2005-இல் நம் கோவை நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் உட்கார்ந்ததும் இப்படிப்பட்ட கூட்டுக்குள்தான். சூலூரில் நிற்கும் தேஜஸ் போர் விமானத்தின் இறக்கையும் இதே சரக்கு.

இவ்வளவு பலசாலிக்கு ஒரு துளை ஏன் ஆகவில்லை? ஆம்பூர் செருப்பில் பஞ்ச் அடித்தால் கிழிவதில்லை. தோலின் நார் நாலாபக்கமும் பின்னிக் கிடக்கிறது. துணியில் ஊசி ஏற்றினால் நூல் விலகி வழி விடும். பிசினில் இறுகிய இழை விலகாது, அறுபடும். நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன். அதில் பாவு நூலுக்கு 'ஷேன்' என்று பெயர். சங்கிலிக்கும் அதே சொல்தான்!

விமானத் தொழிலாளர்கள் கைக்கொள்ளும் முறை இது. சுத்தியல் கூடாது. குறித்த இடத்தில் டேப் ஒட்டி, அடியில் மரக்கட்டையை இறுக்கிக் கட்டி, கூரான கார்பைடு பிட்டால் அழுத்தாமல் துளைக்க வேண்டும். பிட் வெளியேறும்போதுதான் கடைசி அடுக்கு உரியும். கட்டை அதைத் தாங்கும். துளையின் விளிம்புக்கு எப்பாக்சி பூசி, அகலமான வாஷர் வைத்து முடுக்க வேண்டும். அலுமினிய ரிவெட் வேண்டாம். கார்பன் மின்சாரம் கடத்துவதால், ஈரம் பட்டால் இரண்டும் பேட்டரிபோல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். விமானத்தில் டைட்டானியம் போடுகிறார்கள். நமக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். வேகமாகப் போகும்போது லாக் பிடுங்கிக்கொண்டு பானட் கண்ணாடியில் வந்து அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் இதெல்லாம் அதிகமாகத் தெரியாது.

தூசியும் உண்டு. கண்ணுக்கு, தோலுக்கு, நெஞ்சுக்கு ஆகாது. வயரிங்கில் புகுந்தால் ஷார்ட் ஆகும். பீடிச் சுற்றியும் தோல் பதனிட்டும் இருமிக்கொண்டே காலம் தள்ளியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கெட்ட இடத்துக்குப் பிசினும் துணியும் வைத்து ஒட்டியபின், மேஸ்திரி அடுத்த துளையை இப்படித்தான் போட்டார். மாஸ்க் மட்டும் வேண்டாம் என்றார். கொரோனா காலத்தில் மிச்சமான என்-95 ஒன்று வீட்டில் இருந்தது. நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, மாட்டுகிற வரை அங்கேயே நின்றேன்.