பித்திகத்து அரும்பும் பொழுதறிதலும்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆயது. அதன் முற்பகுதியில், மழை விடாது நின்ற கூதிர்க்காலத்து நாளொன்றில் மூதூர் மகளிர் மாலைப்பொழுதை எங்ஙனம் அறிந்தனர் என்னும் செய்தி ஒன்று வருகின்றது. முகில் மூடிய வானத்தை நோக்கிப் பொழுதறிதல் இயலாதாயிற்று. அம்மகளிர் மலரும் பருவத்துப் பித்திகத்து அரும்புகளைப் பூந்தட்டில் இட்டு வைத்திருந்தனர். அவை இதழவிழ்ந்து மணம் கமழ்ந்தபோது மாலை வந்ததென்று தெளிந்து, இரும்பால் இயன்ற விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுதனர். இச்செய்தியே ஈண்டு எம் ஆய்பொருளாகும்.

இப்பகுதியை இனியதோர் அணிநலமாகக் கொண்டு கடந்து செல்வதே பெருவழக்கு. யாமும் வகுப்பறையில் பல்லாண்டு அங்ஙனமே கடந்தோம். ஆயின் இதனை அடுத்து நிற்கும் அடிகள் எம்மைத் தடுத்து நிறுத்தின. மனையுறையும் புறாச்சேவல் தன் பெடையொடு மன்றிற் சென்று இரை தேராது, இரவோ பகலோ என மயங்கிச் செயலற்றிருந்தது என்று அங்கே புலவர் கூறுகின்றார். பறவைக்குப் பொழுது தவறிற்று, பூவுக்குத் தவறவில்லை. இவ்விரண்டையும் நக்கீரர் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் நிகழ்ச்சி என்று கொள்ளல் பொருந்தாது. ஒளி மறைந்த நாளில் எது பொழுது காட்டும், எது காட்டாது என்பதனை அவர் அறிந்தே பாடினார் என்பது எம் துணிபு.

இதன் சிறப்பினை உணரச் சுவீடன் நாட்டுத் தாவரநூற் பேரறிஞர் லின்னேயசின் ஆராய்ச்சி பெரிதும் துணைசெய்யும். அவர் 1751-இல் வெளியிட்ட பிலோசோபியா பொட்டானிகா என்னும் இலத்தீன் நூலில், குறித்த பொழுதில் விரிந்து குவியும் பூக்களைக் கொண்டு பூக்கடிகாரம் ஒன்றை வகுத்துக் காட்டினார். அதற்கு முதற்படியாக அத்தகைய பூக்களை அவர் மூவகைப்படுத்தினார். வானிலைக்கேற்பப் பொழுது மாறுவன ஒருவகை. பகலின் நெடுமை குறுமைக்கேற்ப மாறுவன மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் அசையாது தமக்குரிய பொழுதிலேயே விரிந்து குவிவன மூன்றாம் வகை. கடிகாரத்திற்கு உரியன மூன்றாம் வகையினவே என்றார் அவர்.

இப்பாகுபாட்டை நெடுநல்வாடையொடு பொருத்திப் பார்ப்போம். பித்திகம் முதல்வகையைச் சார்ந்ததாயின் மழைநாளில் அஃது அம்மகளிர்க்குச் சிறிதும் பயன்பட்டிராது. வானம் பொய்த்த நாளிலும் பொய்யாத பூவே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதனையே அவர்கள் தேர்ந்து தட்டில் இட்டனர். லின்னேயசு பெயரிட்டு வகுத்த வேறுபாட்டினை அவர்கள் பெயரிடாமலே நன்கு கையாண்டனர் எனலாம்.

அவ்வரும்புகள் கொடியிற் பறிக்கப்பட்டுவிட்டவை என்பதும் மறத்தற்குரியதன்று. பித்திகம் இன்று பிச்சி என வழங்குவது என்பர். மதுரைப் பூக்கடைத் தெருவிற் சென்று வினவின் இச்செய்தி எளிதில் விளங்கும். காலையில் மொட்டாகப் பறித்த மல்லிகையும் பிச்சியும் தொடுத்த சரத்திலேயே மாலையில் விரிகின்றன. பூ வணிகம் முழுவதும் இந்த இடைப்பொழுதை நம்பியே நடைபெறுகின்றது. வேரினின்று பிரிந்த அரும்பு தன் பொழுதை மறப்பதில்லை.

பிரெஞ்சு வானநூலறிஞர் தெ மைரான் 1729-இல், பகலில் இலை விரித்து இரவில் குவிக்கும் செடியொன்றை இருட்டில் வைத்து நோக்கினார். ஒளி படாத இடத்திலும் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிந்தன. உயிர்களின் உள்ளே பொழுதறி பொறி ஒன்று உண்டு என்னும் இக்கால அறிவியலுக்கு இந்நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் கூறுவர். பழ ஈயினிடத்து அப்பொறி இயங்கும் முறையை விளக்கிய மூவர்க்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இவற்றைக் கேட்ட அளவில், 'அனைத்தும் எம் முன்னோர் கண்டனவே' என்று முழங்கும் ஆர்வம் சிலர்க்கு எழும். அதனை யாம் ஏற்கிலோம். தெ மைரான் செய்தது ஆய்வு. மகளிர் செய்தது விளக்கேற்றல். மேலும், அரும்பின் முதிர்ச்சியும் மாலைக் குளிர்ச்சியும் அதன் மலர்ச்சிக்குத் துணைசெய்திருத்தல் கூடும். முதன்மை கோருதற்கும் இடமில்லை. பகலில் விரிந்து இரவில் குவியும் மரப்பூ ஒன்றனைக் கிரேக்க அறிஞர் தியோபிராசுடசு கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே குறித்துள்ளார். அது நம் புளியமரமே என்று கருதுவாரும் உளர். எனவே பூவின் பொழுதொழுக்கத்தைக் கண்டமை அன்று, அதனை மனையகத்துக் கருவியாக ஆண்டமையே நெடுநல்வாடைச் செய்தியின் தனித்தன்மை.

பழந்தமிழர்க்கு வேறு பொழுதளவைக் கருவி இல்லாமையால் பூவை நாடினர் என்று கூறுதலும் பொருந்தாது. 103 அடிகளாலாய முல்லைப்பாட்டில் இருவகை அளவையும் உள்ளன. ஊர்ப்புறத்தே முதுபெண்டிர் அப்போது அலர்ந்த முல்லையும் நெல்லும் தூவி நற்சொல் கேட்க நிற்கின்றனர். அரசன் பாசறையிலோ, நீர்க்கன்னல் கொண்டு பொழுதளப்போர் கழிந்த நாழிகையை அவனுக்கு அறிவிக்கின்றனர். போர்க்களத்திற்கு நாழிகைக் கணக்கு வேண்டும். இல்லத்திற்கு விளக்கேற்றும் வேளை தெரிந்தாற் போதும்.

இவையெல்லாம் புலனெறி வழக்கே, கண்ட காட்சி அல்ல என்று மறுப்பாரும் உண்டு. முல்லை மலர்வதே மாலை என்பது வழக்காக ஊன்றியிருந்தது உண்மையே. மிளைப்பெருங்கந்தனார் குறுந்தொகை 234-ஆம் பாட்டில் அவ்விலக்கணம் கூறுவாரை மயங்கியோர் எனச் சாடி, துணையில்லார்க்கு விடியலும் நண்பகலும் மாலையே என்கின்றார். வழக்கு அத்துணை உறுதியாயிருந்தமையாலன்றோ அதனை மறுப்பதிற் சுவை பிறந்தது?

ஆயினும் வழக்கொடு மாறுபடும் சான்றும் உண்டு. ஆம்பல் நிலவு கண்டு மலரும் என்பது பிற்கால இலக்கியம் முழுவதும் பரவிய மரபு. ஓரம்போகியாரோ குறுந்தொகை 122-ஆம் பாட்டில் ஆம்பல் குவிந்ததையே மாலையின் வரவுக்கு அடையாளமாக்குகின்றார். இதனைப் பிழையெனத் தள்ளவேண்டுவதில்லை. நம் குளங்களில் அல்லி இருவகைப்பட்டு வளர்கின்றது. ஒன்று இரவில் விரிந்து முற்பகலிற் குவியும். மற்றொன்று பகலில் விரிந்து மாலைக்குள் குவியும். பின்னது பெரும்பாலும் நீலமாயினும் அதனுள் வெண்ணிறமும் உண்டு. ஓரம்போகியார் கண்டது இவ்வெள்ளிய பகலல்லியாதல் வேண்டும். குவிந்த பூவிற்கு அவர் கூறிய உவமை, பசிய காலுடைய கொக்கின் மங்கிய முதுகு. நம் வயல்களிற் காணும் குருட்டுக்கொக்கு பறக்கும்போது வெண்சிறகு தோன்றும். சேற்றில் இறங்கிச் சிறகு மடக்கிய அளவில் அவ்வெண்மை மறைந்து மண்ணிற முதுகே எஞ்சும். வெள்ளிதழை உள்ளடக்கிப் புறவிதழ் மட்டும் தோன்றக் குவிந்த ஆம்பலும் அத்தகையதே.