டெவிஸ் கோப்பை

டெவிஸ் கோப்பை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் குறுக்கே ஆண்டுதோறும் நடைபெறும் நெடுந்தொலைவுக் குதிரையோட்டப் போட்டி ஆகும். இதன் முறையான பெயர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் டிரெயில் ரைடு. ஏறத்தாழ 100 மைல் (160 கிமீ) தொலைவை ஒரே குதிரையில் 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். 1955 இல் தொடங்கிய இது, தற்காலத் தாங்குதிறன் குதிரையோட்டத்தின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பந்தயத் திடலில் நடக்கும் குதிரைப் பந்தயத்துடன் இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. அங்கே ஓரிரு நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். இங்கே முதலில் வருபவருக்கே இருட்டிவிடும். பலர் மறுநாள் விடியற்காலையில்தான் வந்து சேர்கின்றனர். பரிசுப் பணம் கிடையாது. உரிய நேரத்துக்குள் வந்து, குதிரை மேலும் பயணம் செய்யத்தக்க நிலையில் உள்ளதெனக் கால்நடை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டால், குதிரையோட்டிக்கு இடைவாரில் அணியும் வெள்ளிக் கொக்கி ஒன்று வழங்கப்படும். தொடங்குவோரில் ஏறக்குறையப் பாதிப்பேரே அதனைப் பெறுகின்றனர்.

வரலாறு

இப்பாதை மிகப் பழமையானது. தொல்குடி மக்கள் பயன்படுத்திய மலைத்தடங்களில், 19 ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களுக்கும் நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் இடையே மக்கள் சென்று வந்தனர். ஆபர்ன் நகரைச் சேர்ந்த தொழிலதிபர் வென்டல் ரோபி, இக்காலக் குதிரைகளால் ஒரே நாளில் 100 மைல் செல்ல இயலாது என்று சிலர் கூறியதை ஏற்கவில்லை. 1955 ஆகத்து மாதத்தில் பாண்டோசு என்னும் தம் அரபுக் குதிரையில், சில தோழர்களுடன் டாகோ ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆபர்னை அடைந்து அதனை மெய்ப்பித்தார்.

முதலில் வருபவருக்கான கோப்பை 1959 இல் ஏற்படுத்தப்பட்டது. வெல்சு ஃபார்கோ நிறுவனத்தின் தலைவராக 1872 முதல் 1892 வரை இருந்த லாயிட் டெவிசின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1964 முதல், முதல் பத்து இடங்களில் வரும் குதிரைகளுள் மிகச் சிறந்த உடல்நிலையில் உள்ளதற்கு ஹாகின் கோப்பை வழங்கப்படுகிறது. குதிரையோட்டிகள் பலர் இதனையே உயர்ந்ததாக மதிக்கின்றனர். போட்டியின் இயல்பை நோக்க அது சரியே.

பாதை

போட்டி பொதுவாகக் கோடையில், முழுநிலவை ஒட்டிய ஒரு சனிக்கிழமையில் நடத்தப்படுகிறது. டிரக்கி நகருக்கு அருகிலுள்ள ரோபி பூங்காவிலிருந்து விடியுமுன் 5.15 மணிக்குக் குதிரைகள் புறப்படுகின்றன. 1960 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த பள்ளத்தாக்கை அடைந்து, அங்கிருந்து 8,750 அடி (2,667 மீ) உயரத்திலுள்ள எமிகிரன்ட் கணவாய்க்குச் செங்குத்தாக ஏறுகின்றன. அதன்பின் பாறையும் சேறும் மாறிமாறி வரும் காட்டுவழி. எரிமலைப் பாறையாலான கூகர் ராக் என்னும் முகட்டில் குதிரை ஏறும் ஒளிப்படங்கள் புகழ்பெற்றவை. அதனைச் சுற்றிச் செல்லவும் வழி உண்டு.

பாதையில் மொத்த ஏற்றம் 4,500 மீட்டருக்கும், மொத்த இறக்கம் 6,500 மீட்டருக்கும் மேற்பட்டது. இறக்கமே குதிரையின் முன்னங்கால்களைப் பெரிதும் வருத்துகிறது. 36 ஆவது மைலில் உள்ள ராபின்சன் ஃபிளாட்டில் ஒரு மணி நேரக் கட்டாய ஓய்வு. அதன்பின் வரும் ஆழ்ந்த மலையிடுக்குகளில் நண்பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. தடம் சில இடங்களில் ஒரு குதிரை மட்டுமே செல்லுமளவு குறுகியது, ஒருபுறம் பள்ளம். இங்கே பலர் இறங்கி நடக்கின்றனர். ஏற்றத்தில் குதிரையை முன்னே விட்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுவதும் உண்டு. இதற்குக் குதிரையை முன்னரே பழக்க வேண்டும்.

68 ஆவது மைலில் ஃபாரஸ்ட்ஹில் ஊரில் இரண்டாவது ஒரு மணி நேர ஓய்வு. எஞ்சிய வழியைப் பெரும்பாலோர் இருளில் கடக்கின்றனர். மரச்செறிவில் நிலவொளி நுழையாது. மனிதரைவிடக் குதிரைக்கு இரவில் கண் நன்கு தெரியும் என்பதால், பட்டறிவு மிக்கோர் விளக்கை அணைத்துவிட்டுக் கடிவாளத்தைத் தளர்த்திக் குதிரையின் போக்கில் விடுகின்றனர். அமெரிக்கன் ஆற்றை நீரில் இறங்கிக் கடந்து, முன்பு கைப்பிடிச் சுவரின்றி இருந்த "நோ ஹேண்ட்ஸ்" பாலத்தைத் தாண்டினால் ஆபர்ன்.

குதிரையின் உடலியல்

குதிரை கூட்டமாக வாழும் இரைவிலங்கு. முன்னே செல்லும் குதிரைகளைத் தொடரும் உந்துதலும், வலியை வெளிக்காட்டாத இயல்பும் அதற்கு உண்டு. எனவே தன் ஆற்றலின் எல்லையைத் தாண்டியும் அது ஓடக்கூடும்.

வெப்பத்தில் உழைக்கும் குதிரைக்கு மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கலாம். மனித வியர்வையில் உள்ள உப்பு குருதியில் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்கக் குருதியின் உப்புச்செறிவு கூடித் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையிலோ உப்பு அதன் குருதியில் உள்ள அளவுக்கு நிகராகவோ கூடுதலாகவோ இருக்கும். நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் செறிவு உயர்வதில்லை. உடல் வறண்ட பின்னரும் குதிரை நீரை மறுக்கக்கூடும். வழியில் உப்புக் கலவை ஊட்டுவதும், ஓடைகளில் நனைத்த பஞ்சால் கழுத்தைக் குளிர்விப்பதும் இதனாலேயே. கவனியாது விட்டால் தசை இறுகிச் சிதைதல், குடல் இயக்கம் நின்று கடும் வயிற்றுவலி ஏற்படுதல் ஆகியவை நேரும். இரண்டும் உயிரைப் பறிக்கவல்லவை.

மருத்துவச் சோதனை

வழியெங்கும் உள்ள சாவடிகளில் நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது 64 போன்ற குறித்த அளவுக்கு இறங்கினால்தான் குதிரை மேலே செல்லலாம். மருத்துவர் ஈறின் நிறத்தைப் பார்க்கிறார். தோலைக் கிள்ளி அது மீளும் விரைவை அளக்கிறார். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குடலோசை கேட்கிறார். பின் குதிரையைச் சிறிது தொலைவு ஓடவிட்டு நொண்டுகிறதா என நோக்கி, ஒரு நிமிடத்தில் துடிப்பை மீண்டும் எண்ணுகிறார். முன்னைவிடத் துடிப்பு கூடியிருந்தால் அது களைப்பின் அறிகுறி. ஐயம் எழுந்தால் குதிரை நிறுத்தப்படும். ஆபர்னில் நிறைவுக்கோட்டைத் தாண்டிய பின்னும் இச்சோதனை உண்டு. 100 மைலும் வந்து இங்கே தகுதி இழப்போர் உள்ளனர்.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் இப்போட்டியில் குதிரைகள் இறந்துள்ளன. தடத்திலிருந்து பள்ளத்தில் விழுந்தவையும் அவற்றுள் அடங்கும். விலங்கு நலம் பற்றிய விவாதம் ஓயவில்லை.

சாதனைகளும் தொடர்புடைய நிகழ்வுகளும்

வெல்லும் குதிரைகளுள் பெரும்பாலானவை மெலிந்த உடலும் மிகுந்த தாங்குதிறனும் கொண்ட அரபு இனத்தவை. டோனா ஃபிட்செரால்டு என்னும் பெண், விட்டெசாரிஃப் என்ற அரபுக் குதிரையில் 1970 முதல் 1976 வரையிலான காலத்தில் ஆறு முறை வென்றார். ஆணும் பெண்ணும் தனிப்பிரிவின்றிப் போட்டியிடுவது குறிப்பிடத்தக்கது.

காட்டுத்தீயால் 2008 இலும், கொரோனா பெருந்தொற்றால் 2020 இலும் போட்டி நடைபெறவில்லை.

1973 இல் குதிரை நொண்டியதால் விலக நேர்ந்த கார்டி எய்ன்சிலி, 1974 இல் குதிரையின்றித் தாமே ஓடி 24 மணி நேரத்துக்குள் ஆபர்னை அடைந்தார். மனிதருக்கான வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டப்போட்டி இதிலிருந்து தோன்றியது.