கலைந்த விடைகள்

தேர்வில் ஒரு வினாவுக்கு 'இ' என்று விடையளிக்கிறீர்கள். அதுவே சரி. ஆனால் திருத்துபவர் கையிலுள்ள விடைப்பட்டியலோ வேறொரு வினாத்தாளுக்கு உரியது! மதிப்பெண் கிடைக்குமா? 2025ஆம் ஆண்டில் நைஜீரிய மாணவர் பலருக்கு ஏறத்தாழ இதுவே நேர்ந்தது.

அந்நாட்டில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பொதுத் தேர்வு நடத்த 1978இல் ஒரு வாரியம் அமைந்தது. 'ஜாம்ப்' என்பது அதன் சுருக்கப் பெயர். நெடுங்காலம் தாளிலேயே தேர்வு நடந்தது. வினாத்தாள் முன்கூட்டியே வெளியாவதும், ஒருவருக்காக மற்றொருவர் எழுதுவதும் தீராத தொல்லைகளாயின. ஆகவே 2013இல் கணிப்பொறித் தேர்வு அறிமுகமாயிற்று. 2015 முதல் தாளுக்கு இடமே இல்லை. மாணவரின் விரல் ரேகையைச் சரிபார்த்த பின்னரே உள்ளே விட்டனர். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் நாடாகையால், மையங்கள் ஜெனரேட்டரும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

பக்கத்திலிருப்பவரைப் பார்த்து எழுதுவதைத் தடுப்பது எப்படி? ஒரே வினாவின் நான்கு விடைகளையும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிசையில் காட்டலாம். நான்கு விடைகளுக்கு 24 வரிசைகள் உண்டு. உங்கள் திரையில் 'இ' ஆக இருப்பது அடுத்தவர் திரையில் 'அ' ஆகிவிடும். நல்ல உத்திதான். ஆனால் எந்த வரிசையில் கலைத்தோம் என்பது திருத்தும் பகுதிக்கும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தெரியாவிடில், நான்கில் ஒரு விடைதான் தற்செயலாகப் பொருந்தும். எல்லாம் அறிந்த மாணவரும் 400க்குச் சுமார் 100தான் பெறுவார். கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தவருக்கும் அதே 100!

2025இல் விடைகளை முழு அளவில் கலைக்கும் முறை வந்தது. அதற்கேற்ற திருத்தத்தை ஒரு தொகுதி மையக் கணிப்பொறிகளில் செய்தார்கள். லாகோஸுக்கும் தென்கிழக்கு மாநிலங்களுக்கும் உரிய தொகுதியில் செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

தேர்வெழுதிய சுமார் 19 லட்சம் பேரில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 200க்குக் குறைவாகப் பெற்றதாக முடிவுகள் வெளிவந்தன. முறைகேடு ஒழிந்ததன் அறிகுறி இது என்றார் கல்வியமைச்சர். இயந்திரம் தவறாது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது போலும்! மாணவரும் பெற்றோரும் ஓயாமல் முறையிட்ட பிறகே ஆய்வு நடந்தது. 157 மையங்களில் எழுதிய 3,79,997 பேர் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. வாரியத் தலைவர் இஷாக் ஒலோயெடே மே 14 அன்று செய்தியாளர்முன் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார்.

மறுதேர்வு மே 16 அன்றே தொடங்கியது. அவர்களுள் பலர் அந்த வாரங்களில் பள்ளி இறுதித் தேர்வையும் எழுதிக்கொண்டிருந்தனர்.