அந்தமான் நிகோபார் தீவுகளில் டார்னியர் விமானம்: தோற்றமும் பயனும்

தீவுகளின் தேவை

வங்காள விரிகுடாவின் கீழ்ப்பால், வடக்குத் தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்தமான் நிகோபார் தீவுக் கூட்டத்தில், பெருநிலப் பரப்பிலிருந்து தலைநகரை அடைவதைக் காட்டிலும் தலைநகரிலிருந்து கடைக்கோடித் தீவை அடைவதே நெடுங்காலமாகக் கடினமான பிரயாணமாக இருந்து வந்திருக்கிறது. சென்னையில் ஜெட் விமானம் ஏறியவர், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேயரில் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறார். அங்கிருந்து பெரிய நிகோபாரின் காம்ப்பெல் பேவுக்குக் கப்பல் ஏறுபவரோ, பத்துப் பாகைக் கால்வாயின் கொந்தளிப்பைக் கடந்து, இடைத் துறைகளில் நின்று நின்று, ஒரு நாளுக்கு மேல் கடலிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 முதல் 1945 வரை, இத்தீவுகளைக் கைப்பற்றி ஆண்ட ஜப்பானியர், தீவு மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கிப் போர்ட் பிளேயரிலும் கார் நிகோபாரிலும் ஓடுபாதைகளை அமைத்தனர். பிற்கால விமானப் போக்குவரத்துக்கு அம்மக்கள் பட்ட துயரமே அஸ்திவாரமாயிற்று. ஆயினும், பெரிய விமானம் இறங்குவதற்கு வேண்டிய நீண்ட சமநிலம், காடும் குன்றும் சதுப்பும் நிறைந்த ஏனைய தீவுகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, சிறிய பாதையில் இறங்கி, கடல்மீது துணிந்து பறக்கவல்ல ஒரு விமானம் இங்கே அத்தியாவசியமாயிற்று.

விமானத்தின் தோற்றம்

ஜெர்மனியின் டார்னியர் ஸ்தாபனம், ஸ்கைசெர்வன்ட் என்ற தன் பிஸ்டன் எஞ்சின் விமானத்தை அடிப்படையாகக் கொண்டு, புதிய இறக்கை அமைப்பு ஒன்றைப் பரிசோதித்து, அதன் பயனாக டார்னியர் 228 என்ற விமானத்தை உருவாக்கியது. அதன் முதல் வகை 1981 மார்ச் 28 அன்றும், உடல் நீண்ட இரண்டாம் வகை அதே ஆண்டு மே 9 அன்றும் முதன்முறையாகப் பறந்தன. உடலின்மேல் அமைந்த அவ்விறக்கை, நடுவில் நேராகச் சென்று, நுனியில் பின்னோக்கிச் சரிந்து கூர்மையாக முடிகிறது. குறைந்த வேகத்திலும் போதிய தூக்குவிசையைத் தருவது அதன் விசேஷம். ஒவ்வொன்றும் 715 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டர்போபிராப் எஞ்சின்கள் அதை இயக்கின. உடல் நீண்ட வகையில் பத்தொன்பது பேர் அமர இடமிருந்தது. ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை அதற்குப் போதுமானது. நடுக்கடலில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டாலும் மற்றதன் வலிமையால் கரை சேரலாம் என்பது, தீவுவாசிக்கு உயிரினும் பெரிய உத்தரவாதமாகும்.

கான்பூரும் தீவுகளும்

1983இல் டார்னியர் ஸ்தாபனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தன் கான்பூர்த் தொழிற்சாலையில் இவ்விமானத்தைத் தயாரிக்கத் தொடங்கியது; அங்கே உருவான முதல் விமானம் 1986இல் பறந்தது. வாயுதூத் விமானச் சேவை நிறுவனம், கடலோரக் காவற்படை, கடற்படை, விமானப்படை ஆகியவை அதைப் பெற்றுக்கொண்டன. ஜெர்மனியில் உற்பத்தி நின்று, பின்னர் புதிய தலைமுறை விமானமாக அது மறுபிறவி எடுத்தபோது, அதன் உடலும் இறக்கைகளும் கான்பூரிலேயே நிர்மாணிக்கப்பட்டன என்பது நம் தொழிலாளரின் திறமைக்குச் சான்று.

1984இல் போர்ட் பிளேயரில் ஐலாண்டர் என்ற பிஸ்டன் விமானங்களோடு தொடங்கிய கடற்படையின் 318ஆம் அணி, பிற்காலத்தில் டார்னியருக்கு மாறியது. கடலோரக் காவற்படையின் 745ஆம் அணியும் அங்கிருந்தே டார்னியரை இயக்குகிறது. வயிற்றுப் பாகத்தில் ரேடாரைத் தாங்கி, இவை திருட்டு மீன்பிடிப்பைக் கண்காணிக்கின்றன; வழி தவறிய படகுகளைத் தேடுகின்றன. உப்புக் காற்றில் தாழப் பறந்து திரும்பும் விமானத்தை நன்னீரால் கழுவி, எஞ்சினின் உட்பாகத்தையும் நீர் செலுத்திச் சுத்தம் செய்யாவிடில் உலோகம் அரித்துப்போகும். இப்பராமரிப்பைச் செய்யும் தரைப் பணியாளரின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை நிகோபார்த் தீவுகளைச் சிதைத்தபோது, சேதத்தை அறியவும் உதவி சேர்க்கவும் டார்னியர்கள் பறந்தன. 2012 ஜூலை 31 அன்று காம்ப்பெல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ், 2019 ஜனவரியில் வடக்கு அந்தமானின் ஷிப்பூரில் ஐ.என்.எஸ். கோஹாசா என இரு கடற்படை நிலையங்கள் தீவுத் தொடரின் இரு முனைகளிலும் எழுந்தன. இவ்விரண்டும் குறுகிய ஓடுபாதையோடு தொடங்கியவை. அத்தகைய பாதைகளில் பயனுறப் பறப்பது இவ்விமானமே.

முடிவுரை

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, அந்தமானில் டார்னியரின் பயன் பெரும்பாலும் பாதுகாப்புப் பணியிலேயே அமைந்துவிட்டதென்பது புலனாகும். தீவுகளுக்கிடையே சாதாரண ஜனங்களின் பிரயாணம் இன்றும் கப்பலையும், சில ஆசனங்களே கொண்ட ஹெலிகாப்டரையும் நம்பியிருக்கிறது. 2010இன் இறுதியில் தொடங்கிய கடல்விமானச் சேவையும் நிலைக்கவில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 12 அன்று, கான்பூரில் தயாரான டார்னியர் ஒன்று திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. மலைநாட்டு மக்களுக்குக் கிட்டிய அவ்வசதி, பிரசவ வேதனையோடும் நோயோடும் கப்பலுக்குக் காத்திருக்கும் தீவு மக்களுக்கும் கிட்ட வேண்டும். விமானம் நம்முடையது, ஓடுபாதைகளும் இருக்கின்றன. அவற்றில் பொதுமக்களுக்கான நிலையான சேவையை ஏற்படுத்துவது அரசாங்கத்தின் கடமை.