பயன்படுத்தக் கூடாத வெளிச்சம்

ஹனுக்கா விளக்கைக் குறித்து யூத மரபில் விநோதமான ஒரு விதி உண்டு. அதன் வெளிச்சத்தில் நூல் வாசிக்கக் கூடாது. காசு எண்ணக் கூடாது. வேறெந்த வேலையும் செய்யக் கூடாது. பார்க்க மட்டுமே அனுமதி. எட்டு நாட்களுக்குரிய எட்டுச் சுடர்களிலிருந்து சற்று விலகி ஒன்பதாவதாக ஒரு சுடர் எரிவதற்கும் இவ்விதியே காரணம். ஊழியன் என்று பொருள்படும் 'ஷமாஷ்' என்பது அதன் பெயர். மற்றச் சுடர்களை ஏற்றுவதும், யாரேனும் தவறி அந்த வெளிச்சத்தில் ஒரு வேலையைச் செய்துவிட்டால் அதைத் தன் கணக்கில் ஏற்றுக்கொள்வதும் அதன் பணி.

ஒரு போர் வெற்றியின் நினைவுநாள் இத்தகைய விளக்குத் திருநாளானது எவ்வாறு?

கி.மு. 167இல் செலூக்கிய மன்னன் நான்காம் ஆன்டியோக்கஸ் யூதச் சமய ஒழுக்கங்களைத் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தை மாசுபடுத்தினான். மத்தத்தியா என்ற குருவின் குடும்பம் கிளர்ந்தெழுந்தது. அவர் மகன் யூதா மக்கபே கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டு, கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் புதிய பலிபீடத்தை அர்ப்பணித்தார். ஹனுக்கா என்னும் சொல்லுக்கே அர்ப்பணம் என்றுதான் பொருள்.

இந்நிகழ்வை விவரிக்கும் மக்கபேயர் முதல், இரண்டாம் நூல்களில் எண்ணெய் அற்புதம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மலைகளிலும் குகைகளிலும் ஒளிந்து திரிந்தபோது கொண்டாட இயலாமற்போன கூடாரத் திருநாளை ஒட்டியே எட்டு நாட்கள் கொண்டாடினார்கள் என்கிறது இரண்டாம் நூல். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜோசஃபஸ் இவ்விழாவை 'ஒளிகள்' என்றே குறிப்பிடுகிறார். ஆனால் பெயர்க்காரணத்தை அவரும் ஊகிக்கத்தான் செய்கிறார். எதிர்பாராமல் கிட்டிய உரிமை ஒளிபோலத் தோன்றியிருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

முத்திரை கலையாத ஒரே எண்ணெய்க் குடுவையும், ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதையும் பாபிலோனியத் தல்மூதில்தான் வருகின்றன. அங்கே போர் ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மக்கபேயர் வழிவந்த அரசர்கள் தமக்குள் போரிட்டு, கி.மு. 63இல் ரோமானியரிடம் எருசலேமை இழந்தார்கள். கி.பி. 70இல் ஆலயமே எரிந்தது. 132 முதல் 135 வரை நடந்த பார் கொக்பா கிளர்ச்சி பேரழிவில் முடிந்தது. அரசும் ஆலயமும் அற்ற மக்களுக்கு வெற்றியைக் கொண்டாடுவது எளிதன்று, விளக்கேற்றுவது இயலும்.

அந்த விளக்கை எப்படி ஏற்றுவது என்பதிலும் விவாதம் நடந்தது. முதல் நாள் எட்டுச் சுடர்கள் ஏற்றி, நாளுக்கொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் மரபு. ஒன்றில் தொடங்கி எட்டுக்கு ஏற வேண்டும் என்றது ஹில்லேல் மரபு; புனிதத்தில் ஏற்றமே உண்டு, இறக்கம் இல்லை என்பது அதன் நியாயம். இன்றும் நிலைத்திருப்பது ஹில்லேலின் முறை. வறியவர் ஒருவரிடம் ஒரு விளக்குக்கே காசு இருந்தால் என்ன செய்வது என்றும் தல்மூது ஆராய்கிறது. ஹனுக்கா விளக்கை விட்டுவிட்டு ஓய்வுநாள் விளக்கை ஏற்றட்டும் என்பது தீர்ப்பு. வீடு இருளில் தடுமாறாமல் இருப்பதும், அதனால் வரும் இல்லத்தின் அமைதியும் அற்புதத்தைவிடப் பெரியவை.

விளக்கின் இடம் வீட்டுவாசலுக்கு வெளியே. மாடியில் வசிப்பவருக்குத் தெருவை நோக்கிய சன்னல். தெருவில் போகிறவர் காண வேண்டும். ஆபத்துக் காலத்தில் மட்டும் உள்ளே, மேசைமேல் வைத்தாலும் போதும். ஒளிந்து வாழ நேர்ந்தவர்களின் பட்டறிவு இச்சலுகையில் தெரிகிறது.

1931இல் ஜெர்மனியின் கீல் நகரில், யூத குரு அகிவா போஸ்னரின் மனைவி ரேச்சல் தம் வீட்டுச் சன்னல் விளிம்பில் இருந்த ஹனுக்கா விளக்கைப் புகைப்படம் எடுத்தார். தெருவுக்கு அப்பால், எதிர்க் கட்டடத்தில் ஸ்வஸ்திகக் கொடி தொங்குகிறது. நாஜிகள் அப்போது ஆட்சிக்கு வந்திருக்கவில்லை. வரப்போகிறார்கள் என்பதற்குக் கொடியே சாட்சி. 1933இல் அக்குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. 2022 டிசம்பரில் அதே விளக்கு பெர்லினில், ஜெர்மன் குடியரசுத் தலைவரின் மாளிகையில் ஏற்றப்பட்டது.

மேசைமேல் வைக்க மரபே இடம் கொடுத்திருந்தது. அவர்கள் அதைச் சன்னலில் வைத்தார்கள்.