தண்ணீரில் சர்க்கரையைப் பிடிப்பவர்கள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மாலை வேளைகளில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொறித்தபடி நடப்பவர்கள் ஆயிரம் பேர். பச்சை வேர்க்கடலைக்குள் இருக்கும் ஒரு புரதத்தின் சாமர்த்தியம் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணீருக்குள் கரைந்திருக்கும் சர்க்கரையை அது அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிறது.

இதென்ன பெரிய காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். சர்க்கரையின் உடம்பெல்லாம் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கிகள். தண்ணீரிலும் அதே கொக்கிகள்தாம். 1955-இல் ஆவடி காங்கிரஸில் கூடிய கதர்ச் சட்டைகளுக்கு நடுவே, கதர்ச் சட்டை போட்ட ஒருவரைத் தேடுவது போன்ற வேலை. போதாக்குறைக்கு, குளுகோஸுக்கும் காலக்டோஸுக்கும் வித்தியாசமே ஒரு கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான்!

இந்தப் புதிரின் இரு பாதிகளும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. ஜெர்மனியின் எமில் ஃபிஷர் சர்க்கரைகளின் அமைப்பைக் கண்டவர். பூட்டும் சாவியும் என்ற உவமையை 1894-இல் சொன்னவர். 1902-இல் நோபல் பரிசும் பெற்றார். பிறகு அமினோ அமிலங்களை மணிகளைப் போலக் கோத்து, 1907-இல் பதினெட்டு மணிகள் கொண்ட பெப்டைடுச் சங்கிலி செய்தார். ஆனால் சங்கிலி எப்படி மடியும் என்பது அவர் காலத்தில் தெரியாது. மடியாத சங்கிலியில் சர்க்கரை உட்கார இடம் ஏது?

மடிப்பின் இலக்கணம் நம் கிண்டியில் எழுதப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் ஒரு படம் வெளியிட்டார்கள். அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதே அதன் சாரம். புரத வடிவம் எதைக் கண்டாலும் இன்றும் அந்தப் படத்தோடு ஒத்துப்பார்க்கிறார்கள். நோபல் கமிட்டியாருக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இப்போது வேண்டாம்.

1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி ஹாட்ஜ்கினோடு இன்ஸுலினின் வடிவத்தைக் கண்ட குழுவில் எம். விஜயன் என்ற கேரளத்து இளைஞர் இருந்தார். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அவரும் சகாக்களும் நம் வேர்க்கடலைப் புரதத்தின் வடிவத்தை 1994-இல் வெளியிட்டார்கள். சாதாரணமாக மூடிக் கிடந்து, பல புற்றுநோய்ச் செல்களில் வெளியே தலைகாட்டும் ஒரு சர்க்கரையையும் இப்புரதம் கண்டுகொள்ளும்.

மனிதன் சும்மா இருப்பானா? 2010-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் சிறு பெப்டைடுகளைக் கந்தகத்தால் இணைத்து, சர்க்கரையைப் பிடிக்கும் வளையங்கள் செய்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அந்தோணி டேவிஸ் பெப்டைடை விட்டு வேறு வழியில் போனார். சர்க்கரையின் மேலும் கீழும் எண்ணெய்ப் பசை போன்ற முகங்கள் உண்டு. அவற்றுக்குக் கூரையும் தரையும் வைத்து, பக்கக் கொக்கிகளுக்குத் தூண்கள் நிறுத்தி, 2019-இல் அவர் வெளியிட்ட கூண்டு, குளுகோஸையே பொறுக்கிப் பிடித்தது.

இன்ஸுலின் போட்டுக்கொள்பவர் உள்ள வீட்டில், நடுராத்திரி சர்க்கரை இறங்கி வியர்த்துவிடுமோ என்று விழித்துக் கிடப்பவர்களுக்கு இதில் சங்கதி உண்டு. 2024-இல் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் விஞ்ஞானிகள் இத்தகைய கூண்டை இன்ஸுலினிலேயே பொருத்தினார்கள். கூண்டுக்குள் போவதற்கென்று ஒரு போலிச் சர்க்கரையும் கூடவே வைத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால், போலி உள்ளே அமர்ந்து இன்ஸுலின் மடங்கி அடங்கிவிடும். ஏறினால், அசல் சர்க்கரை போலியைத் தள்ளி அதைத் திறந்துவிடும். எலிகளிடமும் பன்றிகளிடமும் அது சொன்னபடி கேட்டது.