கெல்லி மாளிகையும் தோட்டத் தமிழும்

பேராக் மாநிலத்தில் காணத்தக்க இடங்கள் பல. 1883இல் தோற்றம் பெற்ற தைப்பிங் அருங்காட்சியகம் நாட்டிலேயே பழமையானது. தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டிய கப்பல் இன்றும் நிற்கிறது. எனினும் தமிழர் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது, பத்துகாஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையே.

ஸ்காட்லாந்திலிருந்து இளம் வயதில் மலாயாவுக்கு வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இரப்பர்த் தோட்டத்தால் செல்வரானவர். 1915இல் அவர் தொடங்கிய இம்மாளிகையைக் கட்டத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய ஸ்பானியக் காய்ச்சலுக்கு அவர்களுள் பலர் பலியாயினர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர். ஸ்மித்தும் இசைந்தார் என்பது வழிவழிச் செய்தி. அக்கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே ஐரோப்பிய உடையணிந்த சுதையுருவம் ஒன்றுண்டு. அது ஸ்மித்தே என்பர். 1926இல் அவர் லிஸ்பனில் மறைந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை.

உரிமையாளரின் பிறப்பும் இறப்பும் நூல்களில் உள்ளன. உழைத்தவர்களின் பெயர்களை வருகையாளர் எவரும் அறியார். தோட்டத் தொழிலாளர் நமக்கு விட்டுச்சென்ற ஆவணம் அவர்களுடைய சொற்களே.

மூன்று சொற்களை நோக்குவோம். விடியலில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் அழைப்பது ‘பெரட்டு’. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல், வல்லின மெய்யில் முடியாத தமிழின் இயல்புக்கேற்ப ஈற்றில் உகரம் பெற்றது. ‘கங்காணி’, ‘கண்காணி’ என்பதன் திரிபு. ணகரம் அடுத்துவரும் ககரத்துக்கு இனமான ஙகரமாயிற்று. மரத்திலும் கோப்பையிலும் ஒட்டி உலர்ந்த பாலுக்கு ‘ஒட்டுப்பால்’ என்று பெயர். முன்னோர் அறியாத ஒரு பொருளுக்குத் தமக்குத் தெரிந்த இரு சொற்களைக் கூட்டித் தொழிலாளரே பெயரிட்டுள்ளனர். கடன்பெறுதல், ஒலித்திரிபு, சொல்லாக்கம் என்னும் மூன்றையும் தோட்டத் தமிழில் காணலாம்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. இச்சொற்களை நாளும் வழங்கியோர் இன்று முதியோர். மாளிகையைப் பழுதுபார்க்கலாம், வழக்கிழந்த சொல்லின் பொருளைப் பின்னர் எவரிடம் கேட்பது?

ஆதலின் ஆசிரியர்கள் மாணவரை மாளிகைக்கு அழைத்துச் செல்லும்போது கோயிலுக்கும் அழைத்துச் செல்க. வீடு திரும்பிய மாணவர், தாத்தா பாட்டியரிடம் பத்துத் தோட்டச் சொற்களைக் கேட்டு, பொருள், தோட்டத்தின் பெயர், வழங்கிய காலம் ஆகியவற்றோடு எழுதிவைக்கட்டும். பள்ளி நூலகத்தில் அக்குறிப்பேடு இருக்குமாயின், அதுவும் ஓர் அருங்காட்சியகமே.